ஆறிப்போன இன்ஜினும் கொதிக்கும்

ஆண்டிபட்டிக்காரன் ஒருவன் படகு இன்ஜின் மெக்கானிக் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். குடிதண்ணீருக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த ஊர், இங்கே படகுக்கு என்ன சோலி என்பார்கள். நியாயமான கேள்விதான். ஊருக்கு வடக்கே 1959-ல் திறந்த வைகை அணை இருக்கிறது. அங்கே மீன் பிடிக்கிறவர்கள் பரிசலில் போகிறார்கள். பரிசலுக்கு மெக்கானிக் வேண்டியதில்லை. என் பிழைப்பு மேற்கே மலையேறித் தேக்கடி ஏரியிலும், கிழக்கே ராமேஸ்வரம், மண்டபம் கரையிலும் நடந்தது. வீடும் பட்டறையும் மட்டும் ஆண்டிபட்டியில்.

தொழில் படித்தது கிணற்று மேட்டில். அப்போது ஊரைச் சுற்றி, கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை வரைக்கும், ஆயில் இன்ஜினை நம்பி வெள்ளாமை செய்தவர்கள் ஏராளம். பெரிய சக்கரம் வைத்த, கையால் சுற்றிக் கிளப்புகிற இன்ஜின். இங்கிலாந்தின் லிஸ்டர் கம்பெனி போட்ட மாதிரியைப் பார்த்து ராஜ்கோட்டில் வார்த்து அனுப்பியவை. நிமிஷத்துக்கு 650 சுற்றுதான். அடி விழுவதைக் காதாலேயே பின்தொடரலாம். வரப்பில் நடந்து வரும்போதே, கிணறு கண்ணில் படுமுன், இன்ஜின் சரியாகத் தட்டுகிறதா, மிஸ் அடிக்கிறதா என்று என் வாத்தியார் சொல்லிவிடுவார்.

அந்த இன்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது. பம்பு இறைக்கிற தண்ணீரில் கொஞ்சத்தைச் சின்னக் குழாயில் பிரித்து ஜாக்கெட்டுக்குள் விட்டு, சூடாகி வெளியே வருவதை வாய்க்காலில் சேர்த்துவிடுவார்கள். நடுவில் ஒரு வால்வு. எங்களுக்கும் தோட்டக்காரர்களுக்கும் சண்டையே அந்த வால்வில்தான். இன்ஜின் சூடானால் அவர்களுக்குப் பயம், முழுதாகத் திறந்துவிடுவார்கள். வாத்தியார் வந்ததும் பாதி மூடுவார். ஜாக்கெட்டிலிருந்து விழும் தண்ணீரில் என் கையை நீட்டச் சொல்வார். "கை பொறுக்கணும். ஆனா அங்கேயே வச்சிருக்க மனசு வரக் கூடாது. அதாண்டா சரியான சூடு."

இன்ஜினுக்குச் சூடு வேண்டும். இது படித்தவர்களுக்கே சட்டென்று புரிவதில்லை. உள்ளே காற்றை அழுத்தி, அந்தச் சூட்டில் டீசல் தானாகப் பற்றி எரிவதுதான் டீசல் இன்ஜின். சிலிண்டர் சுவர் குளிர்ந்து கிடந்தால் தெளிக்கிற டீசல் முழுதாக எரியாது. வெள்ளைப் புகை, பச்சை டீசல் நாற்றம், நாசில் நுனியில் கரி, கொஞ்ச நாளில் ஆயிலோடு டீசல் கலப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்லோவில் நிற்கும்போது திணறல். பிற்காலத்தில் படகுகளில் நான் பார்த்த கோளாறுகளில் நிறைய, அந்தக் கிணற்று மேட்டு வால்வு விவகாரம்தான். சூட்டைக் கண்டு பயந்தவர்கள் செய்த வைத்தியம்.

கிணற்று மேடு இன்னொன்றும் கற்றுக்கொடுத்தது: படிவு. எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினம். டீக்கடை பாய்லருக்குள் வெள்ளையாகத் தட்டுத் தட்டாகப் பிடித்திருக்குமே, அதேதான் ஜாக்கெட்டுக்குள்ளும் பிடிக்கும். வெளியே தண்ணீர் நன்றாக விழும். உள்ளே இரும்பு கொதிக்கும். படிவு நடுவில் உட்கார்ந்துகொண்டு சூட்டைத் தண்ணீருக்கு விடாது. ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து ஊற்றி, நுரை அடங்கும் வரை வைத்துக் கழுவுவோம். தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. இதைச் சொல்லாமல் எந்த வாத்தியாரும் பாட்டிலைக் கையில் தரமாட்டார்.

1990 வாக்கில் விவசாயத்துக்கு எல்லோருக்கும் இலவச மின்சாரம் வந்தது. நல்ல காரியம், எங்களைத் தவிர. ஆயில் இன்ஜின்கள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக் கடைக்குப் போயின. பிறகு போர்வெல், நீர்மூழ்கி மோட்டார். கூட இருந்தவர்களில் சிலர் டிராக்டருக்குப் போனார்கள், சிலர் மோட்டார் காயில் கட்டப் போனார்கள். என்னைத் தண்ணீர் இழுத்துக்கொண்டது.

படகு இன்ஜினை முதலில் பார்க்கிறவருக்கு ஏமாற்றமாக இருக்கும். பெரும்பாலும் லாரியில் பார்த்த அதே குடும்பத்து டீசல் இன்ஜின்தான், படகின் வயிற்றுக்குள் உட்கார வைத்திருப்பார்கள். வித்தியாசம் சூட்டை இறக்குகிற விதத்தில். லாரிக்கு முன்னால் ரேடியேட்டர், எதிர்க்காற்று. படகின் அடியில் காற்று எது? அதனால் இரண்டு தண்ணீர். இன்ஜினுக்குள் சுற்றுவது நல்ல தண்ணீர், கூலன்ட் கலந்தது. அது வெளியே போகாது. கடலிலோ ஏரியிலோ இருந்து இழுப்பது வெளித்தண்ணீர். படகின் அடியில் ஒரு ஓட்டை, அதற்கு வால்வு, பிறகு வடிகட்டி, ரப்பர் இம்பெல்லர் வைத்த பம்பு, அதிலிருந்து ஹீட் எக்ஸ்சேஞ்சர். அதற்குள் மெல்லிய குழாய்க் கட்டு ஒன்று. ஒரு தண்ணீர் குழாய்க்குள் போக, மற்றது வெளியே சுற்றிவர, கலக்காமலே சூடு கைமாறும். அப்புறம் வெளித்தண்ணீர் சைலன்சர் வளைவில் புகையோடு கலந்து படகின் பின்னால் கொட்டும். இந்த வழி மனதில் இருந்தால் போதும். சூடாகிற படகில் ஏறியவுடன் நான் இன்ஜினைப் பார்ப்பதில்லை. பின்பக்கம் எட்டிப் பார்ப்பேன், தண்ணீர் எப்படிக் கொட்டுகிறது என்று.

தேக்கடிப் படகு ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஏரியில் பலருடைய படகுகள் ஓடுகின்றன. சுற்றுலாப் படகுகள் உண்டு, வனத்துறை உண்டு, பெரியாறு அணைக்குத் தண்ணீர் வழியாகவே ஆய்வுக்குப் போகும் தமிழ்நாடு அரசின் 'கண்ணகி', 'ஜலரத்னா' உண்டு. நான் சொல்லப்போவது யாருடைய படகு என்பதை விட்டுவிடலாம்.

ஆண்டிபட்டியிலிருந்து தேனி, கம்பம், லோயர் கேம்ப், அங்கிருந்து மலைப்பாதை, குமுளி. ஏரி கிட்டத்தட்ட 2,800 அடி உயரத்தில் இருக்கிறது. 1895-ல் பென்னிகுக் கட்டி முடித்த அணை தேக்கிய தண்ணீர். அப்போது மூழ்கிய காட்டின் மரங்கள் மொட்டையாக இன்னும் நிற்கின்றன. ஓட்டுகிறவர்கள் அந்த மொட்டைகளுக்கு நடுவில்தான் வழி வைத்துப் போக வேண்டும். இன்ஜின் நின்று படகு காற்றில் ஒதுங்கினால் மரத்தில் போய் மோதும். 2009 செப்டம்பர் 30-ல் அங்கே படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததற்கு இன்ஜின் காரணமில்லை. ஆனால் அதற்குப் பிறகு, ஆளை ஏற்றிக்கொண்டு 'ஓட்டிப் பார்க்கலாம்' என்று யாராவது சொன்னால் நான் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவேன். வெறும் படகில்தான் சோதனை.

டிரைவர் குமுளிக்காரர், சின்ன வயது. சொன்னது இவ்வளவுதான்: "காலையில கிளப்புனா நடுநடுன்னு நடுங்குதுண்ணே, அணைஞ்சு அணைஞ்சு போகுது. மதியம் ஆளை ஏத்திட்டு முழு ஆக்சிலேட்டர்ல போனா கொதிக்குது. ரெண்டு மெக்கானிக் பாத்துட்டாங்க. ஹெட் கேஸ்கெட்டுங்கறாங்க."

அவர்கள் சொன்னதில் தர்க்கம் இருக்கிறது. சூடும் திணறலும் சேர்ந்து வந்தால் கேஸ்கெட் வெடித்து, எரிந்த வாயு தண்ணீருக்குள்ளும் தண்ணீர் சிலிண்டருக்குள்ளும் போகிறது என்றுதான் பாடம். ஆனால் ஹெட்டைத் திறப்பது சின்ன வேலை இல்லை. படகுக்குள் நிமிர முடியாத இடத்தில் குனிந்துகொண்டு, ஹெட்டைக் கழற்றி, லேத்துக்கு அனுப்பித் தளம் பார்த்து, திரும்ப மாட்டி டார்க் வைத்து முடிக்கும்வரை படகு கரையில் கிடக்கும். அதற்கு முன்னால் செலவில்லாத சோதனை இருக்கிறது. இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்துவைத்துக் கிளப்ப வேண்டும். சூடு ஏறுமுன்பே குமிழ் குமிழாக வந்துகொண்டே இருந்தால் கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம். டிப் ஸ்டிக்கில் ஆயில் மோர் நிறத்தில் இருந்தாலும் அதே சந்தேகம். இந்தப் படகில் குமிழ் இல்லை, ஆயில் கறுப்பாகத்தான் இருந்தது, தண்ணீரும் தினம் குறையவில்லை. கேஸ்கெட் இல்லை.

பின்னால் தண்ணீர் தாராளமாகக் கொட்டியது. வடிகட்டியில் இலையும் பாசியும் இருந்தன, அடைக்கிற அளவுக்கு இல்லை. பிறகு கையால் தடவிப் பார்த்தேன். இப்போதெல்லாம் துப்பாக்கி மாதிரி ஒரு தெர்மாமீட்டர் வந்துவிட்டது, குறிவைத்தால் டிகிரி சொல்லும், நானும் வைத்திருக்கிறேன். இருந்தாலும் கை போகிற இடத்துக்கு அது போகாது. இன்ஜின் கொதிக்கத் தொடங்கிய நேரத்தில் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு வரும் தடித்த குழாய் எதிர்பார்த்த அளவு சுடவில்லை. பக்கத்தில் சின்னதாக, இன்ஜினிலிருந்து வாட்டர் பம்புக்கே திரும்புகிற பைபாஸ் குழாயில் கை வைக்க முடியவில்லை.

"தெர்மோஸ்டாட் எங்கப்பா?"

"அதை அப்பவே கழட்டிப் போட்டாச்சுண்ணே. அது இருந்தாத்தான் சூடாகும்னாங்க."

தமிழ்நாட்டில் வண்டி சூடானால் முதல் வைத்தியம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. நம் வெயிலுக்கு அது எதற்கு என்று பட்டறைக்குப் பட்டறை சொல்வார்கள். சில இன்ஜின்களில் பெரிய கெடுதல் உடனே தெரியாது. ஆனால் இந்த மாதிரி பைபாஸ் வைத்த இன்ஜினில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. குளிர்ந்திருக்கும்போது எக்ஸ்சேஞ்சர் வழியை அடைத்து, பைபாஸைத் திறந்து, தண்ணீரை இன்ஜினுக்குள்ளேயே சுற்றவிடும், சீக்கிரம் சூடேற. சூடேறியதும் எக்ஸ்சேஞ்சர் வழியைத் திறக்கும். திறக்கும்போதே அதன் அடித்தட்டு இறங்கி பைபாஸை மூடும். அதைக் கழற்றிவிட்டால் இரண்டு வழியும் எப்போதும் திறந்தே கிடக்கும். காலையில், சுமையில்லாத நேரத்தில், குளிர்ந்த ஏரித் தண்ணீர் எக்ஸ்சேஞ்சரில் ஓட, இன்ஜின் சூடே ஏறாது. அதுதான் நடுக்கம், வெள்ளைப் புகை. மதியம் முழுச் சுமையில் போகும்போது, கொதிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு எக்ஸ்சேஞ்சருக்கே போகாமல் பைபாஸ் வழியாகக் குறுக்கே திரும்பிவிடும். அதுதான் கொதி. காலை நோயும் மதிய நோயும் ஒரே ஓட்டையிலிருந்து வந்தன. சூட்டைக் குறைக்கக் கழற்றிய சாமான், சூட்டைக் கூட்டியது.

கம்பத்தில் கிடைக்கவில்லை, தேனியில் கிடைத்தது. மாட்டும் முன் பாத்திரத்தில் தண்ணீர் வைத்துத் தெர்மாமீட்டரும் தெர்மோஸ்டாட்டும் ஒன்றாகப் போட்டுக் காய்ச்சினேன். புதியது என்றால் நல்லது என்று அர்த்தமில்லை. அச்சில் பொறித்திருக்கும் டிகிரியில் திறக்கத் தொடங்கி, ஆறும்போது மூட வேண்டும். திறக்காததை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அதை மாட்டியதும் கொதி நின்றது. ஆனாலும் வேகமாகப் போய்த் திரும்பியபோது மூடியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் துப்பியது. இது மலைக்கே உரிய சங்கதி. கடற்கரையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் தேக்கடி உயரத்தில் 97-லேயே கொதித்துவிடும். தொட்டி மூடியில் இருக்கிற ஸ்பிரிங் உள்ளே அழுத்தம் பிடித்துவைத்தால் இன்னும் 10 டிகிரி போலத் தாங்கும். ஸ்பிரிங் தளர்ந்த மூடி ராமேஸ்வரத்தில் எப்படியோ ஓட்டிவிடும், தேக்கடியில் காட்டிக்கொடுத்துவிடும். மூடியை மாற்றினோம். உயரத்தில் காற்றும் மெலிவு. இழுவை கொஞ்சம் குறையும். அதைச் சரிக்கட்ட டீசல் பம்பின் சீலை உடைத்து டீசலைக் கூட்டி வைக்கிறவர்கள் உண்டு. கறுப்புப் புகையும் அதிகச் சூடும்தான் மிஞ்சும். காற்று இல்லாமல் டீசலை மட்டும் கூட்டி என்ன செய்வது?

நடுக்கம் பெரும்பகுதி போயிருந்தது. மிச்சம் இருந்தது சீரில்லாத ஒரு தடுமாற்றம், ஸ்லோவில் மட்டும். சூட்டைத் தண்ணீர் வரும் வழியில் தேடுகிற மாதிரி, திணறலை டீசல் வரும் வழியில் தேட வேண்டும். டேங்கிலிருந்து பம்பு வரைக்கும் இன்ஜின் டீசலை உறிஞ்சுகிறது. உறிஞ்சுகிற பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசியாது. காற்று உள்ளே போகும். அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள், 'எங்கேயும் ஒழுகலையே' என்று. செம்பு வாஷரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருப்பார்கள். ஃபில்டர் மூடியின் ரப்பர் வளையம் தடித்திருக்கும். ஹோஸ் கிளிப்புக்கு அடியில் மயிரிழை வெடிப்பு இருக்கும். கண்ணாடிபோல் தெரிகிற பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் தற்காலிகமாக மாட்டி ஓடவிட்டால் குமிழ் ஓடுவது கண்ணுக்கே தெரியும். இந்தப் படகில் தெரிந்தது. ஃபில்டர் பக்கத்து ஹோஸை மாற்றி, கை பம்பை அடித்து ஏர் எடுத்தோம். ஃபில்டர் திருகிலிருந்து நுரை நின்று டீசல் தெளிவாக வரும் வரை, பிறகு பம்புத் திருகில் அதே மாதிரி. இந்த வரிசையை மாற்றினால் காற்று பின்னாலிருந்து திரும்பவும் வரும்.

அதோடு அந்தப் படகு முடிந்தது. அந்த ஏரித் தண்ணீர்தான் லோயர் கேம்ப்பில் மின்சாரம் கொடுத்துவிட்டுக் கீழிறங்கி, முல்லைப் பெரியாறாகி, எங்கள் வைகை அணைக்கு வருகிறது. எனக்கு முன்னால் அது ஊர் வந்து சேர்ந்துவிடும் என்று டிரைவர்களிடம் சொல்வதுண்டு.

கடல் வேறு பள்ளிக்கூடம். 2001-லிருந்து மீன்பிடித் தடைக்காலம் வந்தது எங்கள் தொழிலுக்குத் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. முதலில் 45 நாள், 2017-லிருந்து 61 நாள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. இன்ஜின் வேலை அத்தனையும் அந்த நாட்களுக்குள். நான் கழற்றிய எக்ஸ்சேஞ்சரையும் பம்பையும் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து ஆண்டிபட்டியில் வைத்து வேலை பார்ப்பேன். 2010 கடைசியில் மீட்டர் கேஜ் ரயில் நின்று, 2022 மே மாதம் அகல ரயில் தேனிக்கு வரும் வரை, அந்த இரும்பு முழுக்க பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் வந்தது. கண்டக்டர்களிடம் பட்ட பேச்சைத் தனியாக எழுதலாம்.

கடல்நீரில் படிவு கிணற்றைவிட மோசம். சூடு 60 டிகிரியைத் தாண்டினால் உப்புக்களும் சுண்ணாம்பும் குழாய்ச் சுவரில் வேகமாக ஒட்டத் தொடங்கும். அதனால்தான் கடல்நீரையே நேராக உள்ளே விடுகிற பழைய இன்ஜின்களுக்குக் குறைந்த டிகிரியில் திறக்கிற தெர்மோஸ்டாட் போடுவார்கள். எக்ஸ்சேஞ்சர் வைத்ததில் சூட்டைக் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் குழாய்க் கட்டைக் குத்திக் கழுவ வேண்டும். அதற்குள் துத்தநாகக் கட்டை ஒன்று இருக்கும். கடல்நீரில் செம்பும் பித்தளையும் அரிக்காமல் தான் கரைந்துபோக வேண்டியது அதன் வேலை. கரைந்ததை மாற்றாமல் விட்டால் குழாய் அரிக்கும். பாதி கரைந்தது உடைந்து விழுந்தால் அதுவே வாயை அடைக்கும். இரண்டையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இம்பெல்லர் என்பது உள்ளங்கை அகல ரப்பர்ப் பூ. தண்ணீரில்லாமல் சுற்றினால் அதன் இதழ்கள் ஓரிரு நிமிஷத்தில் கருகிப் பிய்ந்துவிடும். அடி வால்வைத் திறக்க மறந்து இன்ஜினைக் கிளப்பினால் அவ்வளவுதான். புதிதாக மாட்டிவிட்டு 'சரியாயிருச்சு' என்று போய்விடுகிறார்கள். ஒரு வாரத்தில் மறுபடி சூடு. பிய்ந்த இதழ்கள் எங்கே போயின? அவை எக்ஸ்சேஞ்சரின் வாயில் உட்கார்ந்திருக்கும். பழைய இம்பெல்லரில் எத்தனை இதழ் குறைகிறதோ அத்தனையையும் தேடி எடுத்துத் தரையில் அடுக்கிப் பார்த்த பிறகுதான் மூட வேண்டும்.

கரையில் சரி, வேகமாகப் போனால் மட்டும் சூடு என்றால் உறிஞ்சு குழாயைப் பாருங்கள். மண்டபத்தில் ஒரு படகில் எல்லாம் சுத்தம், புது இம்பெல்லர், கழுவிய எக்ஸ்சேஞ்சர், பின்னால் அழகாகத் தண்ணீர். கடலுக்குள் போய் வேகம் எடுத்ததும் ஏறிவிடும். உரிமையாளர் அசந்துபோய் இன்ஜினையே மாற்றலாமா என்று கேட்டார். நான் டிரைவரை ஓட்டச் சொல்லிவிட்டு இன்ஜின் அறைக்குள் குனிந்து உட்கார்ந்தேன். வேகம் கூடக் கூட, வடிகட்டியிலிருந்து பம்புக்கு வரும் ரப்பர் ஹோஸ் மெல்ல ஒட்டிச் சப்பையானது. வேகத்தைக் குறைத்ததும் பழையபடி உருண்டது. அறுத்துப் பார்த்தால் உள் அடுக்கு தனியே கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. நின்ற இன்ஜினில் இதை எந்த மெக்கானிக்காலும் கண்டுபிடிக்க முடியாது. கம்பி வைத்த ஹோஸ் போட்டோம், இன்ஜின் தப்பித்தது.

பிளாஸ்டிக் பை, அறுந்த வலைத் துண்டு, சில மாதங்களில் சொறி மீன், இவை அடி ஓட்டையில் வந்து அப்பிக்கொள்ளும். அப்போது திடீரென்று ஏறும். மெல்ல மெல்ல, மாதக்கணக்கில் ஏறினால் படிவு. திடீரென்று ஏறினால் அடைப்பு, இல்லை பெல்ட். சுமையில் மட்டும் ஏறினால் ஹோஸ், பைபாஸ், இல்லை புரொப்பல்லரில் சுற்றிய கயிறு. எப்போது ஏறுகிறது என்பதை டிரைவரிடம் பொறுமையாகக் கேட்டாலே கோளாறு இருக்கிற திசை தெரிந்துவிடும். அவரைப் பேசவிடாமல் ஸ்பானரை எடுக்கிறவர்கள்தான் அதிகம்.

மீட்டரையும் நம்பிவிட வேண்டாம். எர்த் வயர் துருப்பிடித்தால் மீட்டர் இஷ்டத்துக்குக் காட்டும். அதைவிட மோசம், தண்ணீர் முழுக்க வற்றியபின் சென்சார் வெறும் ஆவியில் நின்றுகொண்டு சூட்டைக் குறைத்துக் காட்டுவது. 'இப்பத்தான் இறங்குச்சு' என்று ஓட்டிக்கொண்டே வருவார்கள். இன்ஜின் பிடித்து நின்றுவிடும்.

கடலில் கொதித்தால் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். செய்யக் கூடாததைச் சொல்கிறேன். கொதிக்கிற ஹெட்டின் மேல் கடல்நீரை வாளியில் மொண்டு ஊற்றக் கூடாது, வார்ப்பிரும்பு வெடிக்கும். சூடான தொட்டியின் மூடியைத் திறக்கக் கூடாது. முகம் வெந்துபோன டிரைவரை எனக்குத் தெரியும். பின்னால் தண்ணீர் விழுகிறதென்றால் சுமையை எடுத்து ஸ்லோவில் ஓடவிடலாம். விழவில்லை என்றால் உடனே நிறுத்த வேண்டியதுதான்.

ஸ்லோவில் திணறும் இன்ஜினில் எந்த சிலிண்டர் சோம்பேறி என்று கண்டுபிடிக்கப் பழைய முறையே போதும். ஓடிக்கொண்டிருக்கும்போது நாசில் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்த வேண்டும். உழைக்கிற சிலிண்டர் என்றால் சத்தம் உடனே மாறும், இன்ஜின் இறங்கும். தளர்த்தியும் மாற்றமே இல்லை என்றால் அது ஏற்கெனவே செத்த சிலிண்டர். கை வைக்காமல், துணி சுற்றி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்யுங்கள். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், கை போய்விடும். செத்த சிலிண்டரின் நாசிலைக் கழற்றி மதுரையில் பம்பு கடையில் டெஸ்டரில் வைத்தால் பனிபோல் தெளிக்கிறதா, ஒழுகுகிறதா என்று தெரிந்துவிடும். ஒழுகினால் மாற்றலாம். நாசில் நன்றாக இருந்தால்தான் டேப்பட், வால்வு, கம்ப்ரஷன்.

டேங்கில் தண்ணீர் சேருவதையும் சொல்ல வேண்டும். பாதி டேங்கோடு இரவில் நிறுத்தினால் காலிப் பகுதியில் இருக்கிற ஈரக்காற்று வேர்த்து அடியில் இறங்கும். தேக்கடிக் குளிரில் இது அதிகம். டீசலும் தண்ணீரும் சந்திக்கிற மட்டத்தில் கறுப்பு வழுவழுப்பாக ஒன்று வளரும், கிருமிதான். ஃபில்டரை அடைக்கும். வேலை முடிந்து நிறுத்தும்போது டேங்கை நிரப்பி வைக்கிறவருக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

நடுக்கம் எல்லாம் இன்ஜின் கோளாறும் இல்லை. நியூட்ரலில் அமைதியாக நின்று, கியர் போட்டதும் ஆடினால் மவுண்டிங் ரப்பரையும் ஷாஃப்ட் நேராக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கப்ளிங்கின் இரண்டு முகங்களுக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் விட்டு, நாலு பக்கமும் ஒரே இடைவெளி வருகிறதா பார்ப்பது வழக்கம். கரையில் ஏற்றி வைத்த படகில் இதைச் செய்து பயனில்லை. தண்ணீரில் இறக்கியதும் படகின் உடம்பு கொஞ்சம் வளையும், கரையில் பார்த்த நேர் போய்விடும். தடைக்கால அவசரத்தில் கரையிலேயே முடித்துவிட்டு, ஜூன் 15 அதிகாலையில் 'புது இன்ஜின் நடுங்குது' என்று போன் செய்கிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு.

இப்போது படகுகளில் கம்ப்யூட்டர் வைத்த இன்ஜின்கள் வருகின்றன. லேப்டாப்பை மாட்டினால் கோளாறுக்கு நம்பர் சொல்லும். நல்லதுதான், வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அடி ஓட்டையில் அப்பிய பிளாஸ்டிக் பைக்கு நம்பர் கிடையாது. இந்த வேலையை முறையாகப் படிக்க விரும்பும் பையன்களுக்குச் சென்னையில் 1968-லிருந்து நடக்கும் மத்திய மீன்வள கடல்சார் பொறியியல் பயிற்சி நிறுவனத்தின் கிளை இருக்கிறது. டிராக்டர் மெக்கானிக்காக ஆண்டிபட்டியில் இருக்கிற தம்பிகளும் அங்கே விண்ணப்பம் வாங்கிப் பார்க்கலாம். கடல் பார்க்காதவன் என்று அங்கே யாரும் சிரிக்கப் போவதில்லை.

படகு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஒரு இம்பெல்லர், ஒரு பெல்ட், ஒரு தெர்மோஸ்டாட், நாலு செம்பு வாஷர் படகிலேயே இருக்கட்டும். எக்ஸ்சேஞ்சர் கழுவுகிற வேலை இருந்தால் ஏப்ரல் கடைசிக்குள் கழற்றி அனுப்பிவிடுங்கள். ஜூன் முதல் வாரத்தில் வந்தால் வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கும்.